நீலக் குதிரையின் பின்னங்கால்

சேலத்திலிருந்து ஓசூர் வரைக்கும் ஐந்து கிளை.
ஐந்தின் நெற்றியிலும் ஒரே குதிரை,
நீல டியூப்லைட்டில்.
முன்னங்கால் அணைந்தால் பின்னங்கால் எரியும்.
ராத்திரி முழுக்க ஓடும்,
இருந்த இடத்திலேயே.

மேம்பாலம் வந்தது.
பெங்களூர்க் கார்கள் தலைக்குமேலே போயின.
ஓசூர்க் கிளையில் இப்போது செல்போன் விற்கிறார்கள்.
தருமபுரி நாலுரோட்டுக் கிளை பல் ஆஸ்பத்திரி.
அந்த ஏசி ரூம் மட்டும் அப்படியே இருக்கிறதாம்,
வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறார்கள்.
மற்ற இரண்டும் என்ன ஆயின என்று
விசாரிக்க எனக்கு ஆளில்லை.

மிச்சம் இது ஒன்று.
கிருஷ்ணகிரி, பெட்ரோல் பங்குக்குப் பக்கத்தில்.
குதிரைக்குப் பின்னங்கால் மட்டும் எரிகிறது,
எதையோ உதைப்பதுபோல.

காவேரிப்பட்டணத்து மாங்கூழ் கம்பெனியில்
டப்பாவுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தோம்:
நான், நாகரத்னா, ஷகிலா பானு, போச்சம்பள்ளி மாதம்மாள்.
ஆடியில் சீசன் முடியும்.
கணக்குத் தீர்த்துக் கவர் கொடுப்பார்கள்,
கவரிலும் மாம்பழ வாசம்.
நகக்கண்ணில் பசையோடு
அன்றைக்கு மட்டும் நேராக வீட்டுக்குப் போகமாட்டோம்.

நாலு பேருக்கு ஒரு சிஸ்லர்.
இரும்புத் தட்டு, அடியில் மரப்பலகை,
கருகிய முட்டைக்கோஸ் இலைமேல் கோழி.
காய்ந்த கல்லில் மாவு ஊற்றினால் வருமே ஒரு சத்தம்,
அதைப்போல் நாற்பது மடங்கு.
சமையலறைக் கதவைக் காலால் உதைத்துக்கொண்டு
முனிரத்தினம் புகையோடு வருவார்.
ஹாலே திரும்பும்.
கிரானைட் முதலாளி திரும்புவார்.
பெண் பார்க்க வந்தவர்கள் திரும்புவார்கள்,
பார்க்கப்பட வந்த பெண்ணும்.
புகை அவர்களையெல்லாம் தாண்டி
எங்கள் மேசையில் வந்து இறங்கும்.
வருஷத்தில் அந்த ஒரு நிமிஷம்
நாங்கள்தான் பணக்காரர்கள்.

ஷகிலா ஒவ்வொரு வருஷமும் ஹலாலா என்று கேட்பாள்.
ஒவ்வொரு வருஷமும் முனிரத்தினம்
சமையல்கார ரஹ்மத் பாயை வெளியே அழைத்து
சலாம் வைக்கச் சொல்வார்.
சாலட் மேசையில் எத்தனை தடவையும் எடுக்கலாம்.
நாகரத்னா அன்னாசித் துண்டுகளாய்ப் பொறுக்கி
மகனுக்குக் கைக்குட்டையில் முடிவாள்.
மாம்பழத்தை நாங்கள் தொடமாட்டோம்.

ருசி?
உண்மையைச் சொன்னால் ஒன்றுமில்லை.
கோழி ரப்பர், சாஸ் சர்க்கரைப்பாகு.
"இதுக்குப் போயி நூத்தம்பதா" என்பாள் மாதம்மாள்.
அடுத்த ஆடிக்கு முதல் ஆளாய்ப் பஸ் ஏறியவளும் அவள்தான்.

நேற்றுப் போனேன், தனியாக.
ஏசி ஓடவில்லை. மின்விசிறி பேருக்குச் சுற்றியது.
மெனு அட்டையில் பழைய விலைகள்மேல்
வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தார்கள், கோணலாக.
ஓரத்தை விரலால் நீவிவிட்டேன்,
தொழில் புத்தி.

ஒரு சிஸ்லர். முழுசாக எனக்கே.
வந்தது.
சத்தமில்லாமல் வந்தது.
முனிரத்தினம்தான், மீசை வெளுத்திருந்தது.
"புகை?" என்றேன்.
"சிலிண்டர் விற்கிற விலைக்குத்
தட்டைக் காய்ச்ச வேண்டாம்னுட்டாங்கம்மா."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
முள்கரண்டியை எடுத்தேன், வைத்தேன்.
அவர் என் கையையே பார்த்தார்.
நகத்தைப் பார்த்தாரோ என்னவோ.
தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சையத் பாஷா மலையில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.
பாலத்தின் மேல் லாரி, லாரி, ஒரு பஸ், லாரி.

கதவு உதைபட்டது.

கைத்துண்டால் பலகையைப் பிடித்துக்கொண்டு
அறுபது வயது மனிதர் ஓடி வந்தார்,
காலி நாற்காலிகளுக்கு நடுவே
"சூடு, சூடு, தள்ளிக்கங்க" என்று
யாரும் இல்லாத வழியில்
ஆளை விலக்கிக்கொண்டு.

மூலை மேசையில் போன் பார்த்திருந்த பையன்
தலையைத் தூக்கினான்.
அவன் அம்மாவும்.

கோழி அதே ரப்பர்.