எல்லைக் கோடு

கிழக்கு: வள்ளிநாயகி பெயரிலுள்ள காணி.
வடக்கு: ஒழுங்கை.
மேற்கைத் தட்ட முதல்
திரையின் நடுவால் இறங்கியது
ரோஸ் நிறத்தில் ஒரு கோடு.

இரண்டு பரப்பு ஆறு குழியை
அது இரண்டாய்ப் பிரித்தது.
கோட்டுக்கு இந்தப்பக்கம் கிணறு,
அந்தப்பக்கம் தண்ணி அள்ளும் உரிமை.

லப்டொப்பை மூடித் திறந்தேன்.
இரவோடிரவாக நட்ட கதியால் மாதிரி
அசையாமல் நின்றது,
நான் எப்பவும் இங்கதான் நிக்கிறனான்
என்ற முகத்தோடு.

கஸ்தூரியார் வீதிக் கடையில் கஜமுகன்
இரண்டு விரலால் கீழ் ஓரத்தை அமத்திப் பார்த்தான்.
"ஸ்கிரீன் போட்டுது அக்கா. மாத்தத்தான் வேணும்.
முப்பத்தெட்டு. கொழும்பில இருந்து வர
நாலு நாள், சிலநேரம் எட்டு."
"திருத்த ஏலாதோ?"
"ஆர் திருத்துறது?"
பகிடியாகத்தான் கேட்டான்.
ஆரியகுளச் சந்தி தாண்டியும்
நான் அதற்குப் பதில் தேடிக்கொண்டு
சைக்கிள் உழக்கினேன்.

ஒரு உறுதி தட்ட எனக்கு எழுநூறு.
ஐம்பத்துநாலு காணி கைமாறினாலும்
இருநூறு குறையும்.

ராத்திரி, மேசையில் வெள்ளைத் துவாய்.
பற்றறி கழற்றி, ஆணி கழற்றி,
ஒவ்வொரு ஆணியையும் செலோடேப்பில் ஒட்டி
பக்கத்தில் எழுதினேன்:
வடகிழக்கு மூலை. தென்மேற்கு மூலை.
வேறெப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியாது.

காலாவதியான பாங்க் காட்டை நுழைக்க
சட்டம் டிக், டிக்கென்று விட்டுக்கொடுத்தது.
ஒரு டிக் மட்டும் வேறு மாதிரிக் கேட்டது.
ஒரு சின்னக் கொளுக்கி. போகட்டும்.

உள்ளே நான் பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை.
பிணைச்சலடியில் நசுங்கின தட்டை வயர்,
கொஞ்சம் தூசு,
எந்தப் பதிவிலும் வராத குடியிருப்பாளராய்
செத்துக் கிடந்த ஓர் எறும்பு.

வயரைக் கழற்றி மாட்டினேன். கோடு நின்றது.
கஜமுகன் அமத்தின இடத்துக்கு ஒரு விரல்கடை தள்ளி
நானும் அமத்தினேன்.
கோடு நடுங்கியது.
ஆக, எப்பவும் அங்கே ஒரு விரல் வேணும்.
எனக்கிருப்பது பத்து,
பத்துக்கும் வேலையிருக்கிறது.

இரண்டாம் சாட்சியின் தகப்பன் பெயர் பிழையென்று
மிஸ் வெட்டிப்போட்ட உறுதித் தாளொன்றை
எட்டாய் மடித்து இடுக்கில் செருகினேன்.
சட்டத்தைப் பூட்டினால் ஓர் ஆணி மிச்சம்.
தென்மேற்கு என்று இரண்டுமுறை எழுதியிருக்கிறேன்.

கோடு போகவில்லை.
கிழக்கே போனது.
பக்கத்தின் விளிம்புக்கும் வெளியே
எழுத்து வராத வெறும் இடத்தில் போய் நின்றது.

மாற்றினால் புதுத் திரை, ஆறு மாத உத்தரவாதம்.
எனக்கு உத்தரவாதம்
அந்தத் தாள் சப்பையாகும் நாள் வரைக்கும்.
முப்பத்தெட்டுக்கு இன்றைக்கே ஓர் உறை போட்டு
எழுநூறு வைத்தேன்.
இரண்டும் செய்யலாம் என்று
ஒருவரும் சொன்னதில்லை.

காலையில் மிஸ் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தா.
"அதென்ன ஓரத்தில?"
"வேலி, மிஸ். கொஞ்சம் தள்ளிப் போட்டனான்."
அவ சிரிக்கவில்லை.
மேசையில் மூன்று வருடமாய் ஓடும் ஒரு வேலி வழக்கு.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு,
"ம். மேற்கு,"
என்று தொடங்கினா.