மூன்றாவது பொத்தான்

டகோட்டா சமவெளி, 1911, அக்டோபர்.
கதிரடிப்பு முடிந்து
கூலி கைக்கு வந்த சனிக்கிழமை.
ரயிலடிக்கு எதிரே, தீவனக் கடை மாடியில்
ஸ்டென்ஸ்ருடின் ஸ்டுடியோ.
படம் ஒன்றுக்கு முப்பத்தைந்து சென்ட்,
கோட்டு வாடகை தனி.

வாடகைக்கு எடுக்கவில்லை அவர்கள்.
அண்ணன் தம்பி மூன்று பேர்,
மூன்று படம்,
ஒரே கோட்டு.

ஹல்வோருக்கு அளவாக இருக்கிறது, அவனுடையதுதான்.
குன்னுல்ஃபுக்கு மணிக்கட்டுகள் வெளியே நீள்கின்றன;
ஒரு கையை நாற்காலிக்குப் பின்னால் ஒளித்தவன்
மற்றதை மறந்துவிட்டான்.
கடைக்குட்டி எய்வின் அதற்குள் காணாமல் போயிருக்கிறான்.
முதுகில் துணிக்கவ்விகள் மாட்டியிருப்பார்கள்,
இல்லாவிட்டால் அந்தத் தோள் அப்படி நிற்காது.

கழுத்துப்பட்டை செல்லுலாய்டு.
ஈரத்துணியால் துடைத்தால் போதும், ஞாயிறு வந்துவிடும்.
அதன் கீழே சட்டை போலத் தெரிவது சட்டை இல்லை:
மார்பை மட்டும் மறைக்கும் கஞ்சித் துணி,
பின்னால் நாடா முடிச்சு.
கடிகாரச் சங்கிலி பைக்குள் இறங்குகிறது.
பையில் கடிகாரம் இருக்கிறதென்று
சங்கிலி சொல்கிறது,
பை சொல்லவில்லை.

தொப்பியைக் கழற்றச் சொன்னதுதான் பிசகு.
புருவத்துக்குக் கீழே ஒரு கோடைக்காலம் முழுக்கக் கருகியிருக்க
மேலே நெற்றி
உரித்த முட்டையாய் வெளுத்துக் கிடக்கிறது,
மூன்று படத்திலும்.
கோட்டு இரவல் கிடைக்கும்,
நெற்றிக்கு எங்கே போவது?

பின்பக்கம் பென்சிலில்:
"அம்மா, நலம். எல்லோருக்கும் கோட்டு இருக்கிறது."

வால்ட்ரெஸ் பள்ளத்தாக்கிலிருந்து
ஜனவரியில் பதில் வந்தது.
பணம் கிடைத்ததா என்று ஒரு வரி இல்லை.
பாதிரியாரிடம் பூதக்கண்ணாடி வாங்கிப் பார்த்தாளாம்.

"அந்தக் கோட்டை வெட்டித் தைத்தவள் நான்,
என்னிடமா?
ஒன்று போதும் மூன்று பேருக்கு,
முறை வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.
ஆனால் ஹல்வோர்,
நான் பொத்தானுக்கு நேர்த்தையல்தான் போடுவேன்.
மூன்றாவது பொத்தானில் நூல் குறுக்கே போகிறது.
யார் அவள்?"

அவன் என்ன எழுதினான் என்பது
இந்தப் பெட்டியில் இல்லை.
அடுத்த ஆண்டுப் படம் ஒன்று இருக்கிறது.
அதில் கோட்டு எய்வினுடையது,
கை குறுக்கி, தோள் பிடித்து, கச்சிதமாக.
நானும் கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.
ஐந்து பொத்தானும்
குறுக்குத் தையல்.