அங்கால கடல்

"வடக்கிலிருந்து கிழக்காக நாற்பத்தைந்து பாகை திரும்பு,
பிறகு முன்னூறு மீற்றர்."
திரையின் மூலையில் இப்படித்தான் எழுதியிருந்தோம்.
ஐந்து மாதம் இருந்து செய்த விளையாட்டு.
ஒரு தோணி, ஒரு களப்பு, இருட்டுக்குள் ஒரு தீவு.
கஸ்தூரியார் வீதியில் போன் திருத்தும் கடைக்கு மேலே
ஒற்றை மின்விசிறி சுற்றுகிற அறை.

நாங்கள் மூன்று பேரும் கணிதப் பிரிவு.
மதில் மூலையைக் கண்டாலும்
அது எத்தனை பாகை என்று வாய் முந்திக்கொள்ளும்.
எல்லாருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தோம்.

கீழ்க்கடை டெல்சியாவைக் கூப்பிட்டது
சும்மா ஒருக்கால் விளையாடிப் பார்க்கத்தான்.
தோணி கரையை விட்டுப் போய்
அதே கரையில் வந்து முட்டியது.
மறுபடியும்.
மூன்றாம் முறை கொன்ரோலரை மேசையில் வைத்தாள்.
"இது விளையாட்டோ, சோதனையோ?"

சோதனை என்றால் எங்கள் ஊரில்
வீட்டுக்கு வீடு ரீவி அணையும்.

ஓ.எல். கணிதம் மூன்று தரம் எழுதியவள் அவள்.
கேத்திரகணிதப் பெட்டியின் மூடி திறக்கும் சத்தத்துக்கே
வயிறு கலக்கும் என்றாள், சிரித்துக்கொண்டு.
இடமா வலமா என்று கேட்டால்
கையிரண்டையும் விரித்துப் பார்ப்பாள்:
ஈயம் உருக்கும் கோல் சுட்ட தழும்பு உள்ளது வலம்.
ஆனால் செத்துப்போன போனின் பலகையில்
எள்ளிலும் சிறிய ஒரு துண்டைத் தேடிப் போகையில்
அவள் வழி தவறிக் கண்டதில்லை.
எப்படி என்று கேட்டேன்.
"கறுத்ததுக்குப் பக்கத்தில, மினுங்கிறதுக்கு இஞ்சால.
அங்க ஆரும் பாகை எழுதி வைக்கேல்லையே."

நிறோசன் சண்டை பிடித்தான்.
லேசாக்கினால் கடல் கேணியாகிவிடுமாம்.
புயல் இருக்கட்டும் என்றேன், சுழியும் பாரும் இருக்கட்டும்,
கணக்கு ஏனடா கடலுக்குள்?

தீவில் ஒரு மணி கட்டினோம்.
தோணி அதற்கு முகம் கொடுத்தால் ஓசை தெளியும்,
விலகினால் தண்ணீருக்குள் அடிப்பதுபோல் மங்கும்.
காது கேளாதவர்கள்? என்றாள் ஆரபி.
அதனால் ஒரு விளக்கும்,
உள்ளங்கையில் சின்ன அதிர்வும்.
வந்த வழி முழுக்க நுரை அழியாமல் கிடக்கும்.
"சிவப்புத் துணி கட்டிய கம்பைத் தாண்டிப் போ"
என்று மூலையில் எழுதினோம்.
தொலைந்தால் ஒரு பொத்தான்:
கடைசியாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்பலாம், புள்ளி குறையாது.
பாகை வேண்டியவருக்குப் பாகையும் உண்டு,
அமைப்புகளில், ஒரு தட்டலில்.
நாற்பத்தைந்தை அழித்தபோது மட்டும்
எனக்கு விரல் கொஞ்சம் தயங்கியது. ஏனென்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை, கரண்ட் போய் வந்த பிறகு
டெல்சியா மேலே வந்தாள். கடைக்குத் திரும்ப அரை மணித்தியாலம்தான்.
தோணி வளைந்தது, நெளிந்தது,
ஒரு கம்பை இரண்டு தரம் சுற்றியது,
மணியைத் தொலைத்தது, பிடித்தது.
பதினோராம் நிமிடம் தீவு.

கைதட்ட எழும்பினோம்.
அவள் இறங்கவில்லை.
தீவை ஒரு பக்கமாய் விட்டுவிட்டு
நேரே போனாள்,
நாங்கள் இன்னும் வரையாத பக்கம்,
வெறும் சாம்பல் நிறம் நிற்கிற இடம்வரை.

கொன்ரோலரைக் கீழே வைக்காமலே கேட்டாள்:
"அங்கால கடல் எங்க?"