உப்புக் கணக்கு

விடியப்புறம் மூன்றே முக்கால்.
வெள்ளவத்தையில் காற்று இருக்கவேண்டிய இடத்தில்
யாரோ ஈரத் துவாயைத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.
படியிறங்கி முடியமுன்பே முதுகு நனைந்துவிட்டது.
இன்னும் ஓடவே தொடங்கவில்லை.

பங்குனி நடுவில்தான் நிற்கிறோம்.
சித்திரை சொல்லாமல் முந்தி வந்துவிட்டதென்று
நான் வேலைசெய்யும் பார்மசியில்
மருந்து வாங்க வருகிற எல்லாருக்கும் ஒரே கதை.
வானிலை அறிக்கையில் கொழும்பு
மஞ்சளாய் இருந்து செம்மஞ்சளானது.
நாற்பத்திரண்டு கிலோமீற்றருக்கு நான் காசு கட்டியது
தை மாதத்து மழை இரவொன்றில்,
போர்வைக்குள் இருந்துகொண்டு.
போர்வைக்குள் யாரும் வீரர்தான்.

கடையில் இரவல் வாங்கிய தராசு
கட்டிலடியில் கிடக்கிறது.
போகுமுன் ஐம்பத்தெட்டு தசம் நாலு.
தெஹிவளை வரை போய்த் திரும்பினால்
ஐம்பத்தாறு தசம் ஒன்பது.
ஒன்றரைக் கிலோ நான்
மரைன் டிரைவில் எங்கேயோ கிடக்கிறேன்,
தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், சொட்டுச் சொட்டாய்.
கறுப்புச் சட்டையில் மட்டும்
கடல் பின்வாங்கியதுபோல ஒரு வெள்ளைக் கரை.

அட்டவணை சொல்கிறது:
சூட்டுக்கு ஒளிக்காதே, அதற்குள் போ.
பத்து நாள். நாளுக்கு ஒரு மணித்தியாலம். மெதுவாக.
ஆகவே மதியச் சாப்பாட்டு நேரத்தில்
மழைக்கோட்டைப் பூட்டிக்கொண்டு
டூப்ளிகேஷன் ரோட்டில் ஓடுகிறேன்.
ஓட்டோக்காரர் வேகத்தைக் குறைத்து
முகத்தை வடிவாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

தார் காய்ச்சுகிற பீப்பாய்க்குப் பக்கத்தில்
தலையில் சாக்கு, காலில் பாட்டாச் செருப்பு, பியதிஸ்ஸ.
முதல் நாள் கேட்டார்:
"நங்கி, ஆர் துரத்துறது?"
எனக்குத் தெரிந்த சிங்களத்தில்
மரதனை விளக்கினேன்.
தன் போத்தலை நீட்டினார். வெந்நீர்.
மறுநாள் ஆறு ஜீவனிப் பக்கற் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
ஒன்றைக் கிழித்து
பிளேன்டீக்குள் கொட்டிக் குடித்துவிட்டு
முகத்தைச் சுளித்தார்.
அவருக்கு அட்டவணை இல்லை.
பத்தாம் நாளும் இல்லை.

எட்டாம் நாள் தலைசுற்றி
பம்பலப்பிட்டியில் வங்கி வாசலில் குந்தினேன்.
ஏ.டி.எம். கதவு திறக்கும்போதெல்லாம்
குளிர் ஒரு மடக்கு வெளியே வந்தது.
காவலாளி துரத்தவில்லை.
யாரும் வராத நேரத்திலும்
கதவை இரண்டு தரம் திறந்து மூடினார்.

பத்தாம் நாள்
மேலுதட்டை நக்கிப் பார்த்தேன்.
உப்புக் குறைந்திருந்தது.
வேர்வை நேரத்தோடு வருகிறது, நிறைய வருகிறது,
ஆனால் உப்பை உள்ளே வைத்துக்கொண்டு வருகிறது.
மாதக் கடைசியில் வீடு நடத்துகிறவள்போல
உடம்பு எனக்குச் சொல்லாமலே
சிக்கனம் பழகியிருக்கிறது.

நாளை ஓட்டம்.
குறுஞ்செய்தி வந்திருக்கிறது:
வெயிலைப் பொறுத்து தூரம் குறைக்கப்படலாம்.
மேல்மாடிப் புனிதமலர் அக்கா
இலக்கத் தாளைச் சட்டையில் குத்த உதவுகிறா.
ஊசியை வாயில் வைத்துக்கொண்டே விசாரணை.
வழியில் மேசை போட்டுத் தண்ணி தருவினம் என்றேன்.
தோடம்பழச் சுளையும்.
"நாங்கள் ஓடேக்க ஒருத்தரும் மேசை போடேல்லை" என்றா,
கிளிநொச்சியை ஒரு பஸ் தரிப்பிடம்போல
சாதாரணமாய்க் கடந்து.

"எங்கையிருந்து எங்க ஓடுறாய்?"

"காலிமுகத்திடலிலயிருந்து
காலிமுகத்திடலுக்கு."

ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு
அக்கா சிரிக்கத் தொடங்கினா.
கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தா.
"வெளிக்கிட்ட இடத்துக்கே
திரும்பி வாற ஓட்டமோ!
அதுக்குக் காசும் கட்டி!"

நாலாவது ஊசியைக் குத்தி
தாளை ஒருமுறை தட்டிப் பார்த்தா.
நேராய்த்தான் இருந்தது.
மின்விசிறி சூட்டை மூலைக்கு மூலை
மாற்றி வைத்துக்கொண்டிருந்தது.
மூன்று மணிக்கு அலாரம் வைத்தேன்.
"எழும்பாட்டி நான் வந்து தட்டுறன்" என்றா,
"எனக்கு அந்த நேரத்தில
எப்பவும் முழிப்புத்தான்."