பதிவு 2214

வெள்ளிக்கிழமை தணிக்கை.
லியெபாயாவில் அன்றும் காற்று
கடல்பக்கத்து ஜன்னலை உலுக்கிக்கொண்டே இருந்தது.
கரையொதுங்கும் சீல் குட்டிகளுக்கு
மீன் வாங்கிப் போடுகிற அறக்கட்டளை எங்களுடையது.
நாலாயிரத்துச் சொச்சம் நன்கொடையாளர்கள்.
ஒவ்வொரு எண்ணும் யார் சொல்லி வந்தது,
அப்புறம் யார் கை பட்டது,
எல்லாவற்றுக்கும் பதில் வேண்டுமாம்.

இணைய விண்ணப்பம். திரும்பி வந்த உறை.
தொலைபேசி. மூன்றாம் நபர். மற்றவை.
ஆதாரம் என்ற கட்டத்தில்
இந்த ஐந்தில் ஒன்று இருந்தாக வேண்டும்.

2214-இல் இல்லை.

மிர்ட்ஸா அவுனிஞா. மாதம் ஏழு யூரோ.
ஆறு மாதத்தில் பதினோரு திருத்தம்,
பதினொன்றும் ஒரே கை: எ. கிராவ்க்லிஸ்.

எட்வீன்ஸை எனக்குத் தெரியும். அடுத்த அறை.
ரம்பம் அறுப்பதுபோல் இருமுவார்.
மதியத்துக்குக் கறுப்பு ரொட்டி, புகையில் வாட்டிய மீன்.
பதினெட்டு வருஷத்தில்
ஒரு சென்ட் பிசகியதில்லை.

முதல் திருத்தம் யோக்கியமானதுதான்.
மார்ச் 14: கதவு எண் 8 அல்ல, 18.
ஆதாரம், திரும்பி வந்த உறை.
மார்ச் 16: எண் சரிபார்க்கப்பட்டது.
ஆதாரம், தொலைபேசி.
மார்ச் 30: பெயரில் ஞா வெறும் னாவாகக் கிடந்தது;
எழுத்தின் காலடியில் கொக்கி மாட்டியாயிற்று.
குறிப்பு: 'கொக்கி இல்லாவிட்டால் அது நான் இல்லை என்கிறார்.'

அதற்குப் பிறகு ஆதாரக் கட்டம் காலி.

ஏப்ரல் 9, இரவு 9.40:
'அழைப்புமணி வேலை செய்யாது. கதவைத் தட்டவும்.'
ஏப்ரல் 21: 'மூன்றாவது மாடி. படியில் விளக்கு கிடையாது.'
மே 2: 'பத்து மணிக்கு முன் அழைக்க வேண்டாம். தூங்குவார்.'
மே 3: முந்தைய குறிப்பு நீக்கம்.

நீக்கினாலும் போகாது.
நீக்கியவர், நீக்கிய நேரம், நீக்கிய வாசகம்
மூன்றையும் அடியில் வண்டலாய்ச் சேர்த்துவைக்கும் இது.
எட்வீன்ஸுக்கும் தெரியும்.
இப்படி ஒரு ஏற்பாடு வேண்டும் என்று
சண்டை போட்டு வாங்கியவரே அவர்தான்.

செப்டம்பரில் தொலைபேசி எண் மாறியிருந்தது.
முகவரியும்.
எனக்கு வயிற்றைப் பிசைந்தது.
தனியாக வாழ்கிற ஒருத்தியின் முகவரியை
ஓர் ஊழியர் ராத்திரியில் மாற்றுகிறார் என்றால்
தணிக்கைக்காரர்கள் அகராதியில்
அதற்கு ஒரே ஒரு பெயர்தான்.

எண்ணை அழுத்தினேன்.
சுவருக்கு அந்தப் பக்கம் மணியடித்தது.

ஒலிக்கிற போனைக் கையில் பிடித்தபடியே
வாசலில் வந்து நின்றார். இருமவில்லை.
'அவள் போன் கடலில் விழுந்துவிட்டது, சாண்டியா,
குட்டியைத் தண்ணீரில் விட்ட அன்றைக்கு.
புதிது வாங்கும்வரை என்னுடையது.
முகவரி...'
அறுபத்து மூன்று வயதுக் காதுமடல் சிவந்தது.
'முகவரி சரிதான்.
போன வாரம்தான் திரைச்சீலை மாட்டினோம்.'

ஆதாரம் ஏன் எழுதவில்லை?

'எதை எழுத? ஐந்தில் எது?
சூப் கொதிக்கும்போது, அவளே, வாயால்.
இருக்கிறதா உன் பட்டியலில்?'

மற்றவை என்று போட்டேன்.
குறிப்பில் 'சூப்' என்று தட்டி, அழித்தேன்.
அழித்ததும் அடியில் கிடக்கும், என் பெயரோடு.

அப்போது இயந்திரத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது:
ஒரே முகவரி, ஒரே எண், இரண்டு பதிவுகள்.
அவுனிஞா, கிராவ்க்லிஸ்.
ஒரே ஆள்தானா? இணைக்கவா?

தோளுக்கு மேலாகப் படித்தார்.
'ஐயோ, வேண்டாம்.
நன்றிக் கடிதம் இரண்டாகவே வரட்டும்.
உறை கிழிக்க அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்.
என்னுடையதையும் அவள்தான் கிழிக்கிறாள்.'

இல்லை என்பதை அழுத்தினேன்.
மாற்றியவர்: நான். நேரம்: மாலை 4.52.
ஆதாரம் என்று கேட்டு
மினுக்கிக்கொண்டு நின்றது கட்டம்.