மத்தியான மூடி

ரோலாவில் மூன்றாம் மாடி.
ஆறு கட்டிலுக்கு ஒரு ஃப்ரிட்ஜ்;
அதில் என் பங்கு ஒரு சாண்.
நெஸ்கஃபே பாட்டிலில் நூல்கோல், ஒரு துண்டு பீட்ரூட்,
கல்லுப்பு, கொதித்தாறிய தண்ணீர்.
கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

ஜூன் மாதம். மறுநாளே நுரைத்தது.
மத்தியானம் ஒருதரம் மூடியைத் தளர்த்தாவிட்டால்
பொங்கும்.
மத்தியானம் நான் ஜெபல் அலியில்,
சாரத்தின் மேல்.

இதே கட்டிலில் பகலில் தூங்குபவர் நெய்னா.
பேக்கரியில் இரவு வேலை.
தலையணையில் மாவு வாசம்,
அவ்வளவுதான் பழக்கம்.

ஐந்தாம் நாள் குனிந்து பார்க்கிறேன்:
மூடி தளர்ந்திருக்கிறது.
தரையில் துடைத்த தடம்.
இரண்டு துண்டு குறைவு.
பக்கத்தில், பில் காகிதத்தில் சுற்றிய
பாதி குப்ஸ்.

சிவந்த நூல்கோலை அதில் மடித்துத் தின்றேன்.
உப்பு ஒரு கல் கூட.
அவருக்கும் தெரிந்திருக்கும்.