கழிவு போக

ராயக்கோட்டை தக்காளி மண்டியில்
பதினைந்து கிலோ பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கி
லாரிக்குக் கொடுப்பாள் கெம்பம்மா.
தூக்கிய நொடி முகம் சிவந்து கறுக்கும்.
வெயில் என்றார் டிரைவர்.
கோபம் என்று நினைத்தேன் நான்.

இரண்டு வருஷம் உட்கார்ந்தபடியே தூங்கினாள்,
சுவரில் முதுகு, முகம் என் பக்கம்.
காவல் இருக்கிறாள் என்று எண்ணி
நானும் கண்ணை மூடிக்கொண்டு விழித்திருந்தேன்.
படுத்தால் விசில் அடிக்கும் மூச்சுக்கு
ஆஸ்துமா என்று பேர் வைத்து
பம்பு எழுதித் தந்தார்கள்.
மூன்று பம்பு காலி.

தர்மபுரி பெரியாஸ்பத்திரியில்
டாக்டர் ஷமீம் பானு
ஸ்டெதஸ்கோப்பை அப்புறம்தான் எடுத்தார்.
"ரெண்டு கையையும் தூக்குங்க, காதோட ஒட்டி.
நான் சொல்ற வரைக்கும் இறக்காதீங்க."
கடிகாரத்தைப் பார்த்தார்.
முப்பதாவது விநாடியில்
கழுத்து நரம்பு கயிறாய்ப் புடைத்தது,
உதட்டில் நாவல்பழம் தின்ற நிறம்.
"போதும்மா."
எனக்கு மண்டி ஞாபகம் வந்தது.
தினம் அறுபது பெட்டி.
அறுபது தடவை இதே பரிசோதனையை
என் கண்ணெதிரே செய்து காட்டியிருக்கிறாள்.

கழுத்தில் தெரிந்தது எலுமிச்சை அளவு.
மிச்சமெல்லாம் ஸ்கேனில் இருந்தது:
நெஞ்செலும்புக்குப் பின்னால்,
இருதயத்தின் பெரிய குழாய் வளைகிற இடம் வரை
இறங்கி உட்கார்ந்த தைராய்டு.
மூச்சுக்குழாய் அதற்கு வழிவிட்டு
தொப்பூர்க் கணவாய் ரோடு மாதிரி
ஒரு பக்கமாய் ஒடுங்கித் திரும்பியிருந்தது.
ஊசி குத்திப் பார்த்ததில் புற்று இல்லை.

"முளைச்சது கழுத்துல. ரத்தம் வர்றதும் அங்கிருந்துதான்.
அதனால பெரும்பாலும் கழுத்து வழியாவே வந்துடும்.
வரலைன்னா
நெஞ்செலும்பைப் பிளக்கணும்."
அதற்கு ஒரு கையெழுத்து.
குரல் நரம்பு நூல் கனம்தான் என்பதற்கு இன்னொன்று.
என்னைவிட அதிகம் யோசித்தவர் மயக்க டாக்டர்.
அந்தத் திருப்பத்தில் எந்தக் குழாய் இறங்கும் என்று
படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டே நின்றார்.

நாலரை மணி நேரம்.
விரலை உள்ளே விட்டு,
ஈர மண்ணிலிருந்து கிழங்கைப் போல
கொஞ்சம் கொஞ்சமாய் மேலே கொண்டுவந்தார்களாம்.
பிளக்கவில்லை.
எஃகுத் தட்டில் காட்டியபோது
என் வாயில் வந்தது
"எவ்ளோ கிராம்?"
முந்நூற்று எண்பது.
மண்டியில் பெட்டிக்கு ஒரு கிலோ கழிவு பிடிப்போம்.
இவளிடம் பிடித்தது இவ்வளவுதான்.

விரல் நுனி மரத்துப்போக, கால்சியம் மாத்திரை.
குரல் கரகரத்தது, வந்துவிடும் என்றார்கள்.
வீடு திரும்பிய முதல் ராத்திரி
மல்லாந்து படுத்தாள்.
விசில் இல்லை.
ஒன்றுமே இல்லை.
பதறி எழுந்து
அவள் மூக்கின் கீழ் விரலை வைத்தேன்.
வெதுவெதுவென்று வந்து போனது.
நம்பாமல் வைத்துக்கொண்டே இருந்தேன்.

இருட்டில் பாதிக் குரல் சொன்னது:
"துண்டு போடாம விரல் பிடிச்சா
விலை படியாதுய்யா.
தூங்கு."